மினி பிசியில் படம் வந்து போகிறது, சத்தம் வரவே இல்லை: எங்கே தேடுவது?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் இருக்கிறேன். வீட்டிலிருந்து வேலை பார்க்க இன்டெல் என்100 சிப் உள்ள மினி பிசி ஒன்று வாங்கினேன், விண்டோஸ் 11. 27 அங்குல 4கே மானிட்டர். மேஜை தள்ளி இருப்பதால் தனியாக வாங்கிய 5 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்திருக்கிறேன். மூன்று தொல்லை. காலையில் ஆன் செய்தால் சில நாள் ‘நோ சிக்னல்’. வேலையின் நடுவே திரை இரண்டு நொடி கறுத்துத் திரும்ப வருகிறது. சத்தம் சுத்தமாக இல்லை. ஆனால் சவுண்ட் பட்டியலில் மானிட்டரின் பெயர் இருக்கிறது, பாட்டுப் போட்டால் பக்கத்தில் ஒலி அளவுகோல் ஆடவும் செய்கிறது. கடையில் ஃபார்மட் செய்து தர 800 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்றில் ஒன்றுகூட ஃபார்மட்டில் தீருகிற வியாதி மாதிரி தெரியவில்லை. கடைக்காரர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பெட்டி மட்டும்தான் அவர் மேஜைக்கு வருகிறது; மானிட்டரும் கேபிளும் உங்கள் வீட்டில் இருக்கின்றன. கையில் இருப்பதைத்தானே அவர் வைத்தியம் பார்க்க முடியும்! என் சந்தேகமெல்லாம் வீட்டில் விட்டுவந்த அந்த இரண்டின் மேல்தான்.

முதலில் சத்தம். அளவுகோல் ஆடுகிறது என்று எழுதினீர்களே, அது பெரிய தகவல். விண்டோஸ் ஒலியை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. கேபிள் வழியாகப் போய் மானிட்டருக்குள் எங்கோ அது காணாமல் போகிறது. எனவே ஒரு சங்கடமான கேள்வி: உங்கள் மானிட்டரில் ஸ்பீக்கர் இருக்கிறதா? சிரிக்காதீர்கள். நங்கநல்லூரில் ஒரு டியூஷன் சென்டருக்கு மினி பிசி போட்டுக்கொடுக்கப் போய், டிரைவரை (கருவியை இயக்குகிற மென்பொருளை) மூன்று முறை அழித்து மூன்று முறை ஏற்றி, ஒரு சாயங்காலம் முழுக்கத் தொலைத்தவன் நான். கடைசியில் அங்கே படிக்கிற பையன் மானிட்டரின் பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, “சார், இதுல ஸ்பீக்கரே இல்லியே” என்றான்.

ஸ்பீக்கரே இல்லாத மானிட்டர் சவுண்ட் பட்டியலில் எப்படி வருகிறது? கேபிளைச் சொருகியதும் மானிட்டர் தன் ஜாதகத்தைக் கம்ப்யூட்டரிடம் நீட்டுகிறது. இடிஐடி என்று அதற்குப் பெயர். முதல் 128 பைட்டில் யார் தயாரித்தது, எந்த மாடல், என்னென்ன ரெசல்யூஷன் தாங்கும் என்ற விவரம் இருக்கும். அதை ஒட்டி வருகிற அடுத்த 128 பைட்டில்தான் ‘எனக்கு ஒலியும் அனுப்பலாம்’ என்ற வரி இருக்கும். ஒலியை வாங்கிப் பின்பக்கத்து 3.5 மிமீ துளை வழியாக ஹெட்போனுக்குக் கொடுக்கிற மானிட்டரும் அந்த வரியை எழுதித்தான் வைத்திருக்கும். ஜாதகத்தைப் படித்த விண்டோஸ் மானிட்டரின் பெயரைப் பட்டியலில் போட்டுவிடுகிறது. ஸ்பீக்கர் பெட்டி உள்ளே இருக்கிறதா என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

ஆகவே ஒரு சாதாரண ஹெட்போனை மானிட்டரின் அந்தத் துளையில் சொருகிக் கேளுங்கள். சத்தம் வந்தால் கதை முடிந்தது: மினி பிசி, டிரைவர், கேபிளின் ஒலிப் பகுதி எல்லாம் சரி. அங்கேயே ஒரு சின்ன ஸ்பீக்கர் ஜோடியை மாட்டிவிடலாம். ஹெட்போனிலும் வராவிட்டால் மானிட்டரின் சொந்த மெனுவுக்குள் போங்கள். அதன் வால்யூம் தனி. விண்டோஸில் 100 வைத்திருந்தாலும் மானிட்டரில் 0 இருந்தால் ஒன்றும் கேட்காது. சில மாடல்களில் ‘ஆடியோ சோர்ஸ்’ என்று ஒரு வரி இருக்கும். அது எச்டிஎம்ஐயில் இருக்க வேண்டும், லைன்-இன்னில் இருந்தால் மௌனம்தான்.

இதற்கு நேர்மாறான நிலைமையும் நிறையப் பேருக்கு வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். பட்டியலில் மானிட்டரின் பெயரே இருக்காது. அப்போதுதான் டிரைவரைப் பற்றி யோசிக்க வேண்டும். இங்கே கடைகளில் வழக்கமாக நடக்கிற தவறு ஒன்று உண்டு. சத்தம் இல்லை என்றதும் ரியல்டெக் டிரைவரை ஏற்றுவார்கள். ரியல்டெக் பார்த்துக்கொள்வது பெட்டியில் இருக்கிற 3.5 மிமீ துளையை. எச்டிஎம்ஐ வழியாகப் போகிற ஒலி கிராபிக்ஸ் பகுதியிலிருந்து கிளம்புகிறது. அதற்கான டிரைவர் இன்டெல் கிராபிக்ஸ் டிரைவர் மூட்டையோடு சேர்ந்து வரும். ஆக, சத்தத்துக்காக நீங்கள் புதுப்பிக்க வேண்டியது கிராபிக்ஸ் டிரைவரை. சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள்.

நடுவில் பழைய விஜிஏ மானிட்டருக்கு மாற்றித் தருகிற அடாப்டர் இருந்தால் அந்தக் கேபிளில் ஒலி போகவே போகாது. அடாப்டரின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஆடியோ துளை இருந்தால் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பழைய டிவிஐ மானிட்டர்களும் பெரும்பாலும் இப்படித்தான்.

அப்புறம் விண்டோஸ் பக்கம் பார்க்க வேண்டியவை. விண்டோஸ் கீ, கன்ட்ரோல், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸ் 11-இல் ஒலி எங்கே போகிறது என்ற பட்டியல் உடனே வரும். பழைய சவுண்ட் கன்ட்ரோல் பேனலில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து ‘ஷோ டிஸேபிள்டு டிவைசஸ்’ போட்டால் முடக்கி வைத்தவையும் கண்ணில் படும். ஜூம், டீம்ஸ் மாதிரியானவை தங்களுக்கென்று தனி ஸ்பீக்கரைத் தேர்வு செய்து வைத்திருக்கும். யூடியூபில் சத்தம் வந்து மீட்டிங்கில் வராவிட்டால் அங்கே பாருங்கள். படத்தில் பாட்டு கேட்கிறது, வசனம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது என்றால், எங்கோ 5.1 சவுண்ட் தேர்வாகியிருக்கும். வசனம் நடு ஸ்பீக்கருக்குப் போகும், உங்களிடம் அது கிடையாது. ஸ்டீரியோவுக்கு மாற்றி, ஒலி ஃபார்மட்டை 16 பிட், 48,000 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒவ்வொரு முறையும் ஒலியின் முதல் ஒரு நொடி விழுங்கப்படுகிறதா? மெயில் வந்த ‘டிங்’ மட்டும் கேட்காது, பாட்டு கேட்கும். ஒலி இல்லாத நேரத்தில் அந்த இணைப்பு தூங்கிவிடுகிறது, எழுந்து பிடித்துக்கொள்ள நேரம் எடுக்கிறது. இதோடு மல்லுக்கட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஸ்பீக்கரைப் பெட்டியின் 3.5 மிமீ துளைக்கே மாற்றிவிடுங்கள்.

சரி, திரை கறுப்பதற்கு வருவோம். இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டால் குற்றவாளி தானாக வெளியே வருவான். 4கே என்றால் 3840-க்கு 2160 புள்ளிகள். நொடிக்கு 60 முறை அனுப்பினால் கிட்டத்தட்ட 50 கோடி புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் 24 பிட் நிறம். வரிகளுக்கு இடையே விடுகிற இடைவெளி, அனுப்பும் முறைக்கான கூடுதல் பிட்கள் எல்லாம் சேர்த்தால் நொடிக்கு 17.82 ஜிகாபிட். எச்டிஎம்ஐ 2.0-இன் உச்ச வரம்பு எவ்வளவு தெரியுமா? 18. ஆடிப்பெருக்கில் கரை தொட்டு ஓடுகிற ஆறு மாதிரி, துளி தடங்கல் வந்தாலும் வழிந்துவிடும். அதே கேபிளில் 4கே-யை 30 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 30 முறை, ஓட்டினால் 8.91 ஜிகாபிட், 1080பி-யை 60 ஹெர்ட்ஸில் ஓட்டினால் 4.46 ஜிகாபிட்தான்.

சோதனையும் இதிலிருந்தே வருகிறது. செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் ரிஃப்ரெஷ் ரேட்டை 30-க்கு இறக்குங்கள். மவுஸ் அம்பு இழுத்து இழுத்து நகரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் அப்படியே வேலை பாருங்கள். கறுப்பது நின்றுவிட்டால் 5 மீட்டர் கேபிள்தான் காரணம் என்று கிட்டத்தட்ட எழுதியே கொடுத்துவிடலாம். சாதாரணச் செம்புக் கேபிளில் அந்த வேகத்துக்கு 5 மீட்டர் ரொம்ப அதிகம். இரண்டு மீட்டருக்குள் முடித்துக்கொள்ளுங்கள். மேஜையை நகர்த்த முடியாது என்றால் மினி பிசியை நகர்த்துங்கள். உள்ளங்கை அளவுப் பெட்டிதானே. பல மானிட்டர்களின் பின்பக்கம் 75-க்கு 75 அல்லது 100-க்கு 100 மிமீ இடைவெளியில் நான்கு திருகு துளைகள் இருக்கும். மினி பிசியோடு வருகிற தகட்டை அதில் முடுக்கி, பெட்டியை மானிட்டரின் முதுகிலேயே மாட்டிவிட்டால் ஒரு முழக் கேபிள் போதும். மானிட்டரின் ஸ்டாண்டும் அதே துளைகளில்தான் உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

கேபிள் வாங்கும்போது உறையில் ‘2.1 வெர்ஷன்’, ‘8கே தங்க முலாம்’ என்று அச்சடித்திருப்பதை மதிக்காதீர்கள். கேபிளுக்கு வெர்ஷன் எண் கிடையாது. அந்த எண்கள் போர்ட்டுக்குரியவை. கேபிளுக்கு இருப்பது வேக வகை: ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’ என்றால் 18 ஜிகாபிட், ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ என்றால் 48 ஜிகாபிட். சான்று பெற்றதாக இருந்தால் உறையில் போனால் ஸ்கேன் செய்யக்கூடிய முத்திரை ஒட்டியிருக்கும். தங்க முலாம் துருவைத் தடுக்கும், வேகத்தைக் கூட்டாது. ஆனாலும் கடற்கரைப் பக்கம் அதற்கும் மரியாதை உண்டு. திருவான்மியூரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் மட்டமான கேபிளின் முனை ஒரே வருஷத்தில் பச்சை பூத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். உப்புக் காற்று எச்டிஎம்ஐ, யூஎஸ்பி என்றெல்லாம் பேதம் பார்ப்பதில்லை. உங்கள் மடிப்பாக்கம் அவ்வளவு மோசமில்லை. இருந்தாலும் முனையை ஒரு முறை வெளிச்சத்தில் பாருங்கள்.

30 ஹெர்ட்ஸிலும் கறுக்கிறதா? அப்போது கறுக்கிற நேரத்தைக் கவனியுங்கள். யாராவது டியூப்லைட் அல்லது ஃபேன் சுவிட்ச் போடும்போதா, ஃப்ரிட்ஜ் கிளம்பும்போதா, கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியிலா? சுவிட்ச் தொடும்போது எழுகிற மின்பொறி சரியாகக் கவசமிடாத கேபிளுக்குள் புகுந்து ஒரு கணம் சிக்னலைக் குழப்பிவிடும். மானிட்டர் அறுந்த தொடர்பை மறுபடி பிடிக்க இரண்டு நொடி எடுத்துக்கொள்ளும். ஏசி அறையில் சுழல் நாற்காலியிலிருந்து எழுந்ததும் திரை கறுத்தது என்று யாராவது சொன்னால் பேய் பிசாசு என்று நினைக்க வேண்டாம். நாற்காலியில் சேருகிற நிலைமின்சாரம் இதைச் செய்யும். நல்ல கவசமுள்ள சின்னக் கேபிள் இந்த இரண்டுக்குமே மருந்து. இன்வெர்ட்டர் மாறும் நொடியில் மட்டும் என்றால் கேபிளை விட்டுவிடுங்கள், மானிட்டரையும் பெட்டியையும் ஒரு சின்ன யூபிஎஸ்ஸில் போடுங்கள்.

இன்னொரு வகைக் கறுப்பும் உண்டு. ஓடிடி படம் போட்டால் மட்டும் காட்சி இருட்டாகி, சத்தம் மட்டும் ஓடும். அது எச்டிசிபி என்ற திருட்டுக்காப்பித் தடுப்பின் வேலை. நடுவில் சிக்னலைப் பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் மாதிரி எதையாவது வைத்திருந்தால் எடுத்துவிட்டு நேராக இணைத்துப் பாருங்கள்.

காலையில் வருகிற ‘நோ சிக்னல்’ மூன்றாவது. எச்டிஎம்ஐ முனையில் 19 ஊசிகள். 19-ஆவது ஊசிதான் ‘நான் வந்துவிட்டேன்’ என்று மானிட்டர் கை தூக்குகிற இடம். ராத்திரி முழுக்க ஆழ்ந்து தூங்கிய மானிட்டர் விழிப்பதற்குள் மினி பிசி கிளம்பிவிட்டால், தூக்கிய கையைப் பார்க்கவில்லை, ஜாதகமும் படிக்கவில்லை, படத்தை அனுப்பாமல் உட்கார்ந்துவிடும். அதனால் மானிட்டரை முதலில் ஆன் செய்து, ஐந்து நொடி விட்டுப் பெட்டியை ஆன் செய்யுங்கள். மானிட்டர் மெனுவில் ‘டீப் ஸ்லீப்’ இருந்தால் அணைத்துவிடுங்கள். ‘ஆட்டோ சோர்ஸ்’ வேண்டாம், எந்தப் போர்ட்டில் சொருகியிருக்கிறதோ அதையே நிலையாகத் தேர்வு செய்யுங்கள். விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்று ஒன்று உண்டு. ஷட்டவுன் செய்தாலும் உள்ளே பாதியைச் சேமித்து வைத்துக்கொண்டு மறுநாள் அதையே எழுப்பும். பவர் ஆப்ஷன்ஸில் போய் அதையும் நிறுத்துங்கள். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது, ஷட்டவுன் செய்து ஆன் செய்தால் வருவதில்லை என்கிற புகாரில் பல நேரம் இதுதான் ஆசாமி.

சிக்னல் வராத அந்த நேரத்தில் பெட்டியை அணைப்பதற்கு முன் இரண்டு விஷயம் செய்து பாருங்கள். விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகக் கிளம்பும். படம் வந்துவிட்டால் விண்டோஸ் உயிரோடுதான் இருந்தது என்று அர்த்தம். அதற்கும் அசையாவிட்டால் மானிட்டர் பக்கத்துக் கேபிளை மட்டும் உருவிச் சொருகுங்கள். அப்போது படம் வந்தால் கை தூக்குகிற அந்தப் பிரச்சினையேதான்.

பெட்டி ஆன் ஆனதும் தயாரிப்பாளர் லோகோகூடத் தெரியவில்லை, ஃபேன் மட்டும் ஓடுகிறது என்றால் அது வேறு கதை. ராம் (நினைவக அட்டை) தளர்ந்திருக்கலாம், கழற்றி அழுத்தி மாட்டுங்கள். டிடிஆர்5 ராம் புதிதாகப் போட்ட பிறகு முதல் முறை சில நிமிஷம் கறுப்பாகவே இருப்பது இயல்பு. பொறுமை இழந்து பிளக்கைப் பிடுங்கினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். லோகோ தெரிந்து, விண்டோஸ் வரும்போது மட்டும் கறுத்தால் டிரைவரோ ரெசல்யூஷனோதான்.

ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் அலட்சியம் செய்ய வேண்டாம். மினி பிசிகளோடு வருகிற அடாப்டர்களில் நிறைய இரண்டு முள் பிளக். எர்த் கிடையாது. அடாப்டருக்குள் இருக்கும் சின்னக் கெபாசிட்டர்கள் வழியாகப் பெட்டியின் உலோகம் நம் 230 வோல்ட்டில் பாதியளவு வரை மிதந்துகொண்டிருக்கும். கரண்ட் மிகச் சிறியது. ஆளைத் தூக்கி எறியாது, விரலில் ‘கிர்ர்’ என்று உறுத்தும், டெஸ்டர் வைத்தால் மினுக்கும். ஆனால் எர்த் உள்ள மானிட்டரில் அந்த நிலையில் எச்டிஎம்ஐயைச் சொருகும்போது ஊசி முதலில் தொட்டுவிட்டால் போர்ட் சாகலாம். கேபிளை மாற்றும்போது அடாப்டரைப் பிளக்கிலிருந்து பிடுங்கிவிட்டு மாற்றுங்கள். மானிட்டர் பக்கத்துக் கேபிளை மட்டும் உருவிச் சொருகச் சொன்னேனே, அந்தச் சோதனையையும் அடிக்கடி செய்யாதீர்கள். மானிட்டரின் இன்னொரு போர்ட்டில் கேபிள் டிவி செட்டாப் பாக்ஸ் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். தெருவெல்லாம் தொங்கி வருகிற அந்த ஒயர் ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலை நேராக உங்கள் எச்டிஎம்ஐ வரை கூட்டி வரும். மழை நாளில் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

ஸ்பீக்கர் மாட்டிய பிறகு ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம் கேட்டால் அதுவும் இந்த எர்த் குடும்பத்துச் சண்டைதான். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகிப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கும். புளூடூத் ஸ்பீக்கர் என்றால் வேறு தொல்லை. யூஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க் பக்கத்திலேயே சொருகியிருந்தால் பாட்டு விட்டு விட்டு வரும். அது வேலை செய்யும்போது கிளம்புகிற இரைச்சல் புளூடூத் பேசுகிற அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் விழுகிறது. இன்டெல்லே 2012-இல் இதை அளந்து எழுதியிருக்கிறது. மினி பிசியில் எல்லாம் நெருக்கி உட்கார்ந்திருப்பதால் இது கொஞ்சம் அதிகமாகவே தெரியும். டிஸ்க்கை ஒரு முழக் கேபிளில் தள்ளி வையுங்கள்.

ஆக, இன்றைக்கு ராத்திரி செய்ய வேண்டியது: மானிட்டர் துளையில் ஹெட்போன், ரிஃப்ரெஷ் ரேட் 30, டீப் ஸ்லீப் ஆஃப். மூன்றுக்கும் சேர்த்துப் பத்து நிமிஷம், செலவு பூஜ்யம். 30-இல் சரியானால் 800-ஐ வைத்துக்கொண்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் போங்கள். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பாதிக்கு மேல் ஷட்டர் இறங்கியிருக்கும். மினி பிசியையும் அடாப்டரையும் பையில் போட்டுக்கொண்டு போய், கடையில் இருக்கிற 4கே திரையில் இரண்டு மீட்டர் பிரீமியம் கேபிளை மாட்டி 60 ஹெர்ட்ஸில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கால் மணி நேரம் கறுக்காமல் ஓடினால் அந்தக் கேபிளையே, அதே முனைகளோடு, பில் போட்டு வாங்கி வாருங்கள். அங்கேயும் கறுத்தால் பெரும்பாலும் உங்கள் பெட்டியின் போர்ட்தான் கெட்டிருக்கும். வாரண்டி கார்டைத் தேடுங்கள், பெட்டியை யாரிடமும் திறக்கக் கொடுக்காதீர்கள்.